மேஜருக்கு வேலி

கரமனை அக்கிரகாரத்துப் பஞ்சாபகேசனுக்குத் திருவனந்தபுரம் தொழிலாளர் இலாகாவில் உதவி இன்ஸ்பெக்டர் உத்தியோகம். மகா கூச்ச சுபாவி. எதிரே பெண்கள் வந்தால் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மழை, வெயில் என்ற பேதமே கிடையாது. கல்யாணமாகி ஒரு வருஷம் வரை மனைவி வாலாம்பாளிடமே சுவரைப் பார்த்துத்தான் பேசினார் என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சரசம்மா, இன்னும் சில பெண்களோடு மலையிறங்கி ஆபீசுக்கு வந்துவிட்டாள். மேலதிகாரி மலையாளி. "தமிழ்க்காரராச்சே, நீரே விசாரியும்" என்று பஞ்சாபகேசன் தலையில் கட்டிவிட்டார்.

"மேஜரால எங்களுக்கு இருக்க முடியல்ல சாரே," என்றாள் சரசம்மா. "கொழுந்து நிறுக்கப் போற வழியில நிண்ணுகிட்டு விரட்டுகாரு."

பஞ்சாபகேசனின் கை குடையைத் தேடியது. "விரட்டி... என்ன பண்றார்?"

"சேலையப் பிடிச்சு இழுக்காரு. பொன்னம்மைக்குக் கணுக்கால்ல ரெத்தம் வந்திற்று."

"தோட்டத்துத் துரை ஒண்ணும் சொல்லலியா?"

"நல்லாச் சொன்னாரு! அவருக்குச் செல்லமில்லா? பக்கத்துல இருத்தி ரொட்டி ஊட்டுவாரு."

வெள்ளைக்காரர்கள் பழக்கவழக்கம் நமக்கென்ன தெரியும் என்று பஞ்சாபகேசன் அதையும் விழுங்கிக்கொண்டார். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே தெளிந்திருக்கும். வாய் வரவில்லை.

பட்டாளத்து விவகாரம் என்றதும் மேலதிகாரிக்குத் திடீரென்று ஜுரம் வந்துவிட்டது. பஞ்சாபகேசன்தான் போக வேண்டியதாயிற்று.

"அந்த மேஜர் துப்பாக்கி வச்சிண்டிருப்பன், கேட்டேளா!" என்றாள் வாலாம்பாள். "தூர நின்னு பேசுங்கோ."

விதுரை வரை பஸ், அப்புறம் தோட்டத்து அரிசி லாரி. கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டுகொண்டே, "மை டியர் மேஜர்" என்று தொடங்கும் ஒரு பிரசங்கத்தை நெட்டுருப் போட்டார்.

தேயிலை ஆலை வாசலில் சரசம்மா காத்திருந்தாள்.

"மேஜர் எங்கே?"

"பின்னால பாருங்க சாரே."

சலாம் வைக்கத் தூக்கிய கையோடு திரும்பினார். எதிரே ஒரு வான்கோழி. நெஞ்சை உப்பி, வாலை விசிறியாக விரித்து, சிவந்த தாடைச் சதை தொங்க நின்றது.

"இதுவா மேஜர்?"

"மரியாதையாச் சொல்லுங்க சாரே! 'அது'ண்ணு சொன்னா துரை வெரட்டி விட்டிருவாரு."

மேஜர் பாய்ந்தார். பஞ்சாபகேசன் குடையை நீட்டினார், அது கந்தலாயிற்று. கொழுந்து நிறுக்கும் தராசுத் தட்டில் தாவி ஏறினார், தட்டு ஊஞ்சலாடியது. வேட்டியின் ஒரு முனை மேஜர் வாயில். "அம்மா, காப்பாத்துங்கோ!" என்று அவர் அலற, பெண்கள் சிரித்த சிரிப்பில் மலையே அதிர்ந்தது. கடைசியில் சரசம்மா கூடையைக் கவிழ்த்து மேஜரை மூடினாள்.

சத்தம் கேட்டு வந்த துரை, அரைகுறைத் தமிழில் சீறினார். "கோழி கொத்தக் கூடாது என்று உன் சட்டத்தில் எங்கே இருக்கு?"

தட்டில் நின்றபடியே பஞ்சாபகேசன் யோசித்தார். அவருக்கு அன்று வந்த கோபம் அதற்கு முன் வந்ததில்லை. இத்தனை பெண்களும் தினம் இப்படித்தானே ஓடியிருப்பார்கள்!

"ஆபத்தான யந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்று இருக்கிறது."

"இது யந்திரமா?"

"தானாக ஓடுகிறது. நிறுத்தக் கைப்பிடி இல்லை. கூரான முனை தொழிலாளிகள் பக்கம் இருக்கிறது. யந்திரமேதான்."

"உன் மேலதிகாரிக்கு எழுதுவேன்!"

"தாராளமாக. அதற்குள் நான் உள்ளே இருக்கிற மற்ற யந்திரங்களையும் பார்த்துவிடுகிறேன்."

ஆலைக்குள் பெரிய தோல் பெல்ட் ஒன்று எந்தத் தடுப்பும் இல்லாமல் படபடவென்று சுழன்றுகொண்டிருந்தது. துரையின் பார்வை ஒரு கணம் அங்கே போய்த் திரும்பியது. பஞ்சாபகேசன் கண்ணும் கூடவே போய்விட்டது. துரை பெருமூச்சு விட்டு, கம்பிவலை கொண்டுவரச் சொன்னார்.

ஒரு வலை பெல்டுக்கு, இன்னொன்று மேஜருக்கு. பெண்கள் அதன் பிறகு கூடையோடு நடந்தே போனார்கள். மேஜர் வலைக்குள் நின்று ஆணையிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று முதல் இலாகாவில் கொம்போ இறகோ வாலோ உள்ள எந்த வழக்கும் பஞ்சாபகேசன் மேஜைக்குத்தான் வந்தது. ஆரியசாலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களை முட்டிய ஆட்டை ஒரே விசாரணையில் அடக்கினார். கயிற்று ஆலைக் குரங்கிடம் மட்டும் தோற்றுப்போனார். வேலி போட்டுவிட்டு இறங்கினால், அது வேலி மேலேயே உட்கார்ந்து அவரைப் பார்த்தபடியே தனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.