சுவடு போய் நின்ற வேலி

சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார எனக்குத் தெரியாது. அதனால்தான் அச்சுவேலியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என் தங்கை கூப்பிட்டதும் கொழும்பிலிருந்து கிளம்பிவிட்டேன். "அண்ணை, அழிஞ்சு போற மிருகங்களைப் படத்திலை காட்டிக் காட்டி எனக்கே அலுத்துப்போச்சு. ஒருக்கால் வந்து பிள்ளையளுக்குச் சுவடு எடுத்துக் காட்டுங்கோ" என்றாள். கடந்த ஆவணியில் ஒரு சனிக்கிழமை. நீரேரிக் கரையில் மீன்பிடிப் பூனை நடமாடுவதாக அவளுக்குத் தகவல். சேற்றில் இறங்கி மீன் பிடிக்கும் புள்ளிப் பூனை அது. சதுப்பு நிலம் குறையக் குறைய அதுவும் அருகி வருகிறது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலை ஆறு மணிக்கு ஏறினேன். அச்சுவேலி பதினைந்து கிலோமீற்றர்தான், ஆனால் முக்கால் மணி நேரம் பிடித்தது. நூறு ரூபாய் நீட்டியதற்கு மிச்சம் தந்தார்கள். அங்கிருந்து நீரேரிக்கு நான்கு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு ஐந்நூறு ரூபாய். "கெதியாப் போங்கோ அண்ணை, மாடு வந்தால் சுவடெல்லாம் மிதிபட்டுப்போம்" என்று சாரதியை நச்சரித்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இண்டைக்குச் சனிக்கிழமை, மாடும் பிந்தித்தான் எழும்பும்" என்றார்.

தங்கையும் மாணவர்களும் சைக்கிள்களோடு நின்றார்கள். கோடையில் தண்ணீர் வற்றி ஒரு குட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் ஓரச் சேற்றில் சுவட்டை முதலில் கண்டவள் தர்சிகா. தரம் ஒன்பதில் படிக்கிறாள், கேள்வி கேட்டு ஆளை ஒரு வழி பண்ணிவிடுவாள். பிளாஸ்டர் மாவைக் கரைத்துச் சுவட்டில் ஊற்றினோம். இறுக அரை மணி நேரமாவது வேண்டும். சும்மா நிற்க என்னால் முடியவில்லை. மிச்சச் சுவடு எங்கே போகிறது பார்ப்போம் என்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு நடந்தேன்.

சுவடு புல்வெளியைக் கடந்து ஒரு பனையோலை வேலிக்குப் போனது. வேலியில் நாய் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு, ஓட்டை. அதற்குள் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியால் சுருக்கு வைத்திருந்தது.

"எந்த மடையன் இதைக் கட்டினது?" என்று கத்திவிட்டேன்.

"உது எங்கடை வேலி, சேர்" என்றாள் தர்சிகா. "கட்டச் சொன்னது நான்தான். என்ரை கோழியளைக் கொண்டு போட்டுது. அடை கிடந்த பேட்டுக்கோழியைக்கூட விடேல்லை."

எனக்கு முகம் கறுத்துப்போனது. சமாளிக்க வேண்டுமே என்று, சதுப்பு நிலத்துக்கு அந்தப் பூனை ஏன் வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"எல்லாம் சரி, சேர். அப்ப மிச்சக் கோழியளை ஆர் பாக்கிறது?"

சத்தம் கேட்டு வந்த அவளுடைய அப்பா கிணற்றுக்கட்டில் சாய்ந்துகொண்டார். "கோழி அவளின்ரை. அவள் சொன்னால் அவிழ்க்கிறன்."

நான் பொறுமையிழந்து கம்பியில் கை வைத்தேன். தர்சிகா குறுக்கே வந்து நின்றாள். "நில்லுங்கோ, சேர். கூட்டுக்குக் கதவு போட்டாப் பிறகுதான்."

கோழிக்கூட்டு வாசலில் பழைய சாக்கு ஒன்றுதான் தொங்கியது. அப்பா பலகை தந்தார். ஆணிக்கும் கீலுக்கும் ஒருவனைச் சைக்கிளில் சந்திக் கடைக்கு விரட்டினோம். நான் அவசரப்பட்டு என் பெருவிரலிலேயே சுத்தியலால் அடித்துக்கொண்டேன், பிள்ளைகளுக்குச் சிரிப்பு. கதவு பூட்டிய பிறகு தர்சிகாவே போய்ச் சுருக்கை அவிழ்த்தாள்.

குட்டைக்குத் திரும்பினால் மாடுகள் எழும்பி வந்துவிட்டிருந்தன. எங்கள் வார்ப்பு மூன்று துண்டாகக் கிடந்தது. தர்சிகா அதைப் பொறுக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனி அது என்னத்தைத் தின்னும், சேர்?"

"மீன்" என்றேன்.

"உதுக்குள்ளை இருக்கிறது எத்தினை நாளைக்குப் போதும்?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சப்பாத்துச் சேற்றைத் தட்டினேன்.

மாணவர்களோடு போக நினைப்பவர்களுக்கு: வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள், குடிதண்ணீர் கொண்டு போங்கள், பிளாஸ்டருக்குக் காவலாக ஒருவரை நிறுத்துங்கள். சுத்தியல், ஆணி, கீல் மூன்றும் கட்டாயம் பையில் இருக்கட்டும். தர்சிகாவின் கடைசிக் கேள்விக்கு என்ன கொண்டு போவதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அன்று குட்டையை நிரப்பும் ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.