ஊறப்போட்ட தோல்

மகளின் கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எழுதினது மாப்பிள்ளையேதான். ஐரோலியில் ஒரு காலேஜில் இங்கிலீஷ் கவிதை சொல்லிக் கொடுக்கிறவர். அச்சுக்குப் போகுமுன் தாராவியில் எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ல, ள, ழ மூன்றும் என் நாக்கில் தனித்தனியாக உருளும். விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன்.

நம் காதல் ஊறப்போட்ட தோல்.
முடி உதிரும், சதை கழியும்,
மிஞ்சுவது அழுகாது.

"தோள்னு வரணும் மாப்ளே. ல போட்டிருக்கிய."

"இல்ல அத்தை, தோல்தான். மாட்டுத் தோல், சமடா. சுண்ணாம்புத் தொட்டியில போடுவாங்கல்ல, அது."

அவர் படித்த அந்தக் காலத்து வெள்ளைக்காரப் புலவர்கள் சிலர் பூ, நிலாவை விட்டுவிட்டு, யாரும் நினைக்காத சாமானோடு காதலை முடிச்சுப் போடுவார்களாம். முதலில் கோணலாகத் தெரியுமாம். யோசித்தால் நெஞ்சில் தைக்குமாம்.

"நெஞ்சுல தைக்கல, வயித்தப் பெரட்டுது" என்றேன்.

"எம்மா, அப்பாவ நெனச்சுத்தான் எழுதியிருக்காங்க" என்றாள் மகள்.

அதுதான் எனக்கு ஆகவில்லை. என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் பட்டறையில் அந்தத் தொட்டிக்குள் நின்றவர். விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். அவர் லுங்கியைத் தனி வாளியில்தான் அலசுவேன். மூன்று சோப்பு மாற்றினாலும் செத்த மாட்டு வாடை போகாது. பக்கத்தில் படுத்தால் மூச்சை அடக்கிக்கொள்வேன். அதில் காதலைக் கண்டுபிடிக்க, அதை மோந்தே பார்க்காத ஒருவர் ஐரோலியிலிருந்து வரவேண்டுமா?

சம்பந்தி வீட்டார் நெருளில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர்கள். என் வீட்டுக்காரர் பார்த்த வேலை அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிவது வேறு, மண்டபத்தில் மைக் வைத்துச் சொல்வது வேறு. செத்துப்போன மனுசனை எல்லார் முன்னாலும் நாறவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

அச்சகத்துக்கு நானே கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். போகிற வழியில் பென்சிலால் ல-வை ள ஆக்கினேன்.

அச்சகக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "ஊறப்போட்ட தோளா? அர்த்தம் வரலியே, ஆச்சி?"

"எண்ணெ தேச்சு ஊறப்போட்ட தோளுன்னு வச்சுக்கிடும். கவிதையில அப்படித்தான் வரும். அச்சடியும்."

செம்பூர் மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை மடலை விரித்தார். அந்தச் சொல்லில் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தார். பிறகு வாசித்தார். என்ன வாசித்தாரோ! பம்பாயில் பிறந்து இந்தியிலேயே வளர்ந்த நாக்கு, அதற்கு ள எங்கே வரும்? மைக்கில் "தோல்" என்றுதான் விழுந்தது. முடி, சதை, எல்லாம் வரிசையாக விழுந்தது.

பக்கத்திலிருந்த சம்பந்தியம்மாள் என் பக்கம் சாய்ந்தாள். "என்ன தோலு? வாழப்பழத் தோலா?"

"தோள், மதினி. பேப்பரப் பாருங்க."

பார்த்தாள். "ஆமா, தோளுதான். நல்லாருக்கு."

கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தேன். பாயசம் ஊற்றினார்கள். அந்தச் சுண்ணாம்புத் தொட்டி மாதிரி வெள்ளையாக, கெட்டியாக, மேலே ஆடை படர்ந்து கிடந்தது. ஒரு வாய் வைக்க முடியவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.