மாடியேறி வந்த நெஞ்சுகள்

எங்கள் பக்கத்தில் யாருக்கும் நெஞ்சுவலி வருவதில்லை, வருவதெல்லாம் வாயுதான். அந்த வாயுவை இ.சி.ஜி. காகிதத்தில் கோடாக இழுத்துக் கொடுப்பது என் பிழைப்பு.

ராஜபாளையத்தில் ஓர் இதய டாக்டரின் கிளினிக்கில் டெக்னீஷியனாக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவார். மெஷினைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். ராஜபாளையம் கிளினிக் மாடியில் இருக்கிறது. லிப்ட் கிடையாது. நெஞ்சு நோயாளிகள் வருகிற இடத்தை மாடியில் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், "ஏறி வந்து சேர்ந்தாலே பாதி டெஸ்ட் முடிஞ்சதுய்யா" என்பார் டாக்டர். கீழ்த்தள வாடகை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும் என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை. நர்சுகளே, லேப்காரர்களே, மருந்துக்கடையில் நின்று கால் கடுப்பவர்களே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். சேர்ந்து அழுவதற்கு ஆள் வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சோடா வைத்தியம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருநாள் காலை, பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் சட்டையெல்லாம் வியர்வையாக, நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். வருவதற்கு முன்பே மூன்று இஞ்சி சோடா குடித்திருந்தார். நான்காவது கையில் இருந்தது. பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டு வயர்களை மாட்டினேன். காகிதத்தில் கோடு ஏறி நின்ற லட்சணத்தைப் பார்த்ததும் டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். இதயமும் ஒரு சதைதானே? உடம்புக்கெல்லாம் ரத்தத்தை அடித்து அனுப்புகிற அதற்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருகிற குழாய் ஒன்று முழுசாக அடைத்துக்கொண்டால் அதுதான் மாரடைப்பு. டாக்டர் இதை இரண்டே வரியில் சொல்லி, மாத்திரைகளை மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, மதுரைக்குப் போக ஆம்புலன்ஸை வரவழைத்தார்.

அந்த மனிதர் பிழைத்து வந்து இன்றும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் தைரியமாகச் சொல்லலாம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து இழுத்தார். வீட்டுக்கு ஏதோ சொல்லி அனுப்பப் போகிறார் என்று நான் கண் கலங்கக் குனிந்தேன். "தாயி, போற வழியில கிருஷ்ணன்கோவில்ல செத்த நேரம் வண்டிய நிப்பாட்டச் சொல்லு. அங்க பன்னீர் சோடா நல்லாருக்கும்."

பேச்சியம்மாளின் புருஷன்

சோழபுரத்திலிருந்து தங்கச்சாமி என்பவர் மனைவி பேச்சியம்மாளுடன் வந்தார். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல் வயது. கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. பிள்ளைகள் திருப்பூரில். தங்கச்சாமியிடம் எதைக் கேட்டாலும் பேச்சியம்மாள்தான் பதில் சொன்னார். நம் தொழிலில் இது புதிதல்ல. புருஷன் ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறான் என்பது பெண்டாட்டிக்குத்தான் தெரியும். டாக்டரும் அந்த அம்மாளையே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"நடந்தா மூச்சு வாங்குதா?"

"வாங்குது சார். தீவனக் கட்டத் தூக்கிட்டு நாலு எட்டு வச்சா நெஞ்சுல பாறாங்கல்ல ஏத்துனாப்புல இருக்கு. தாடை ரெண்டும் இழுக்குது. செத்த உக்காந்தா விட்டுருது."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இதயம் தன் பங்கு ரத்தத்தை ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் கிடைக்கிற ஓய்வில்தான் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும் என்று விளக்கினார். வேலை கூடினால் துடிப்பு கூடும், ஓய்வு குறையும், குழாயும் சுருங்கியிருந்தால் ரத்தம் போதாமல் வலிக்கும், உட்கார்ந்தால் விடும். பேச்சியம்மாள் ஒரு சொல் விடாமல் கேட்டார். நான் தங்கச்சாமியைப் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்தேன், கோடு சுத்தமாக இருந்தது. ஓய்வாக இருக்கும்போது சிலருக்கு ஒன்றும் தெரியாது என்பதால் டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும், வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையும் எழுதி, பாரம் தூக்கவே கூடாது என்று அனுப்பினார். கதவருகே போனபிறகுதான் தங்கச்சாமி முதல்முறையாக வாயைத் திறந்தார். "ஏட்டி, எனக்கு இம்புட்டு வலிக்கா?"

கொத்தனாரின் கவலை

எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கும்போது திரையில் இதயம் ஓடுவதை நோயாளிக்குக் காட்டி விளக்குவது டாக்டருக்குக் கொள்ளை ஆசை. எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, பாடம் நடந்தே தீரும். ஒருநாள் மாட்டியவர் ஒரு கொத்தனார். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. உடம்பைச் சுற்றி வந்த ரத்தம் வலப்பக்கம் இறங்கி நுரையீரலுக்குப் போகும், அங்கே காற்று ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து மறுபடி உடம்புக்குப் போகும். வந்த வழியே திரும்பாமலிருக்க நான்கு வால்வுகள் கதவு மாதிரி திறந்து மூடும். உங்களுக்கு அதில் ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை, அதனால்தான் மூச்சிரைக்கிறது என்று டாக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

கொத்தனார் கழுத்தைத் திருப்பித் திரையை மேலும் கீழும் பார்த்தார். நெஞ்சில் பூசிய ஜெல் காய்ந்துகொண்டிருந்தது. பிறகு, யாரோ கட்டிய வீட்டைப் பார்க்கிற முகத்தோடு சொன்னார்: "நாலு ரூமு எடுத்திருக்கு, நாலு கதவு வச்சிருக்கு, ஒரு சன்னல்கூட இல்லியே சார். பொறவு மூச்சு முட்டாம என்ன செய்யும்?"

ஓடியும் போகாத ஊர்

டிரெட்மில் டெஸ்ட் என்றால் ஓடுகிற பட்டைமேல் ஆளை நடக்கவிட்டு, வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே இ.சி.ஜி. பார்ப்பது. செண்பகத்தோப்பிலிருந்து வனக்காவலர் ஒருவர் வந்தார். நாள்தோறும் மலையில் ஏறி இறங்குகிற கால். எனக்குத்தான் கை வலித்தது, வேகத்தைக் கூட்டிக் கூட்டி. முடிந்ததும் தண்ணீர் கொடுத்து, எப்படி இருந்தது அண்ணாச்சி என்று கேட்டேன். "ஆனை வெரட்டுனாக்கூட ஓடி எங்கிட்டாவது போய்ச் சேருவேன்மா. இங்க இம்புட்டு ஓடியும் அதே காலண்டரயே பாத்துக்கிட்டு நிக்கேன்."

மறுபடியும் தங்கச்சாமி

மாதம் தவறாமல் இருவரும் வந்தார்கள். வலி எப்படியிருக்கிறது என்று டாக்டர் கேட்பார். "நாக்குக்கு அடியில மாத்திரைய வச்சா பஞ்சாப் பறந்துருது சார். ஆனா முன்னவிட அடிக்கடி வருது" என்பார் பேச்சியம்மாள். அந்த மாத்திரைக்குக் கேட்கிற வலி என்றால் அநேகமாக அது இதய வலிதான். சரி என்று தங்கச்சாமியை டிரெட்மில்லில் ஏற்றினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். மூச்சு வாங்கவில்லை, கோடும் அசையவில்லை. டாக்டர் மெஷினைச் சந்தேகப்பட்டார். பிறகு என்னைச் சந்தேகப்பட்டார். வயரைச் சரியாக மாட்டினாயா என்று அவர் கேட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாரம் தூக்கக் கூடாது என்ற நாளிலிருந்து தங்கச்சாமி வீட்டில் ஒரு துரும்பை நகர்த்துவதில்லை. தீவனம், தண்ணீர் பாய்ச்சல், மாடு எல்லாம் பேச்சியம்மாள் தலையில். அவருக்குத் தொப்பை விழுந்தது, அந்த அம்மாள் இளைத்துக்கொண்டே போனார். ஒரு நோயாளியைக் கட்டிக்கொண்டு என்ன பாடுபடுகிறார் என்று எனக்குப் பாவமாக இருந்தது. கடைசியில் டாக்டர், இதை இப்படியே விட்டால் ஒருநாள் முழு அடைப்பாக வந்துவிடும், மதுரைக்குப் போய் ஆஞ்சியோ செய்து குழாய்களைப் படமெடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். தங்கச்சாமியின் முகம் வெளுத்தது. சம்மதமா என்று கேட்டதற்கு அவர் மனைவி பக்கம் கையைக் காட்டினார். "எனக்கு வலி கூடியிருக்கா குறஞ்சிருக்கான்னு அவளயே கேட்டுச் சொல்லுங்க சார்."

உபதேசியாரின் சந்தேகம்

தேவதானம் பக்கத்து உபதேசியார் ஒருவருக்கு நாடி மிகவும் மெதுவாக அடித்தது. இதயத்தைத் துடிக்கச் சொல்லி உத்தரவு போடுகிற மின்சாரம் இதயத்திலேயேதான் பிறக்கிறது. அது மந்தமானால் ஆள் நின்ற இடத்தில் மயங்கி விழுவார். அவரும் பிரசங்கத்துக்கு நடுவில் விழுந்திருந்தார். சபையார் முதலில் அதைப் பரிசுத்த ஆவி இறங்கிய அபிஷேகம் என்று நினைத்தார்களாம். அந்த மின்சாரத்தைக் கொடுக்கிற பேஸ்மேக்கர் கருவியைத் தோலுக்கடியில் வைத்தார்கள், ஆள் ஜம்மென்று ஆனார். முதல் பரிசோதனைக்கு வந்தவர், அறையில் வேறு யாரும் இல்லாதபோது என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "யம்மா, நான் கர்த்தர்கிட்ட போன பொறவும் இது உள்ள அடிச்சுக்கிட்டே இருந்தா, எல்லாரும் என்னைய எப்பம் அடக்கம் பண்ணுவாக?"

மாடிப்படி

மதுரைக்குக் கடிதம் வாங்கிப் போக வேண்டிய நாளில், தங்கச்சாமி மட்டும் விறுவிறுவென்று மேலே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவி எங்கே என்றேன். பின்னாலேயே வர்றா என்றார். பார்சல் ஒன்றை வாங்க நான் கீழே இறங்கினேன். படி திரும்புகிற இடத்தில் பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. ஒரு கை தாடையைப் பிடித்திருந்தது. மறு கையில் மாத்திரை அட்டை, தங்கச்சாமிக்கு எழுதிக் கொடுத்த அதே அட்டை. நாக்கைத் தூக்கி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது? அவருக்குக் கொடுத்த மாத்திரையில்ல?"

"சத்தம் போடாத தாயி. அவிய காதுல விழுந்துரும்."

"அப்ப அவர் எதைப் போடுறார்?"

"அவியளுக்குச் சத்து மாத்திரை குடுக்கேன்."

இத்தனை மாதமாகத் தீவனக் கட்டு தூக்கினால் வலித்தது யாருக்கு என்று அந்தப் படியில்தான் புரிந்தது. இன்னொரு படி ஏறவிடாமல், நர்சும் நானும் நாற்காலியில் வைத்தே மேலே தூக்கிப்போனோம். திரையை இழுத்துவிட்டுப் படுக்கவைத்து வயர்களை மாட்டினேன். வலி இருக்கும்போதே எடுத்ததால் கோடு தொங்கிப்போய்க் கிடந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு ஊசி, மருந்து, ஆம்புலன்ஸ் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. இன்னும் இரண்டு நாள் கழிந்திருந்தால் முழு அடைப்பாகவே வந்திருக்கலாம் என்றார்.

வெளியே தங்கச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். உங்களுக்கு ஒன்றுமே இல்லை, நோய் உங்கள் மனைவிக்குத்தான் என்று டாக்டர் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. "எனக்கும் வலிச்சுதே சார்!" என்றார். எங்கே வலித்தது என்று டாக்டர் கேட்டார். "அவ எங்கன வலிக்குன்னு சொன்னாளோ, அங்கனதான்."

பேச்சியம்மாள் சொன்னது

மதுரையில் படமெடுத்துப் பார்த்ததில் பேச்சியம்மாளுக்கு இரண்டு குழாய்களில் அடைப்பு. இரண்டிலும் ஸ்டென்ட் வைத்து ரத்தம் போக வழி செய்தார்கள். அதற்குப் பிறகு முதல்முறை வந்தபோது பேச்சியம்மாள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. தங்கச்சாமிதான் இளைத்திருந்தார். மாட்டுக்குத் தீவனம் போடுவதும் ரசம் வைப்பதும் இப்போது அவர் பாடு. ரசம் எப்படி என்று கேட்டேன். கஷாயம் கெட்டது போ என்றார் பேச்சியம்மாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

தங்கச்சாமி மருந்து வாங்கக் கீழே இறங்கியதும் எனக்கு அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் வந்துவிட்டது. உயிர் போயிருந்தால் என்ன செய்வீர்கள், உங்கள் வலியை உங்கள் வலி என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு என்று சத்தம் போட்டேன். ரவிக்கையைக் கழற்றச் சொல்வோம் என்ற கூச்சமா, செலவா, பயமா என்று நானே அடுக்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். இ.சி.ஜி.க்குப் படுத்திருந்த கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "எனக்கு நோவுன்னா பாக்க யாரு இருக்கா தாயி? அவியளுக்குன்னா நான் இருக்கேம்லா."

நான் வயர்களைச் சுருட்டி வைத்தேன். எங்கள் மெஷின் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. யாரைப் படுக்கவைக்கிறோமோ அவரைப் பற்றி மட்டுமே சொல்லும் என்பதுதான் அதிலுள்ள ஒரே கோளாறு.