பாம்பனில் நான் தூங்கவைத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு ராமநாதபுரத்தில் சர்வீஸ் கடை நடத்தியவன் நான். இப்போது கடை இல்லை. நான் செய்த நல்ல வேலைகளை வாடிக்கையாளர்கள் யாராவது சொல்லக்கூடும். இந்த வேலையைப் பற்றி நானேதான் சொல்ல வேண்டும்.

1. சோறு வடித்த பிறகும் சுற்றிய வட்டம்

பாம்பனில் நூர்ஜகான் என்பவர் வீட்டின் முன்னறையில் நெட் சென்டர் வைத்திருந்தார். கணவர் சாகுலுக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. தெருவில் எல்லாருக்கும் நூர்ஜகான் ‘லாத்தா’, அதாவது அக்கா. ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட், கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் டைப்பிங் எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில் நடந்தன. அது ஆன் ஆவதற்குள் வந்தவர்கள் போய்விடுகிறார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்.

“காலையில சுவிட்சைப் போட்டுட்டு உள்ள போயி, உலை வச்சு, அரிசியப் போட்டு, வடிச்சுட்டு வந்து பாத்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு சார். வாரவுக எல்லாம் பாலத்துப் பக்கம் இருக்க கடைக்கு நடையக் கட்டிடுறாக.”

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தைத் திறந்தேன். எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் சாஃப்ட்வேர், யாரும் பேசாத வீடியோ கால் புரோகிராம், ஒன்றையொன்று சந்தேகிக்கும் இரண்டு ஆன்டிவைரஸ். ஆன் செய்ததும் எல்லாம் சேர்ந்து, பந்திக்கு முந்துகிற கூட்டம்போல அந்தக் கிழட்டு ஹார்ட் டிஸ்க் மேல் விழுந்தன. வேண்டாதவற்றை டிசேபிள் செய்தேன். ஒரு ஆன்டிவைரஸைத் தூக்கினேன். சோறு வடிக்கும் நேரம், உலை கொதிக்கும் நேரமாகக் குறைந்தது.

நூர்ஜகான் பார்த்துவிட்டு, “அம்புட்டுத்தானா சார்?” என்றார்.

இதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான புது டிஸ்க் போட வேண்டும். அதுதான் முறை. எஸ்எஸ்டி கையில் இல்லை. இன்னொரு நாள் வர வேண்டும். “இன்னொரு நாள் வாரேம்மா” என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அந்த ‘அம்புட்டுத்தானா’ என் படிப்பைக் கிள்ளிவிட்டது.

பவர் பட்டனை அழுத்தினால் மெஷின் ஷட்டவுன் ஆகாமல் ஸ்லீப் ஆகும்படி மாற்றினேன். ஸ்லீப்பில் திரை இருண்டுவிடும், ஃபேன் நின்றுவிடும், பார்ப்பவருக்கு அணைந்த மாதிரியே இருக்கும். ஆனால் திறந்திருந்த வேலையெல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் நின்றுகொண்டிருக்கும். ரேமுக்குக் கரண்ட் வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அப்படி மறக்காமலிருக்க, ஹார்ட் டிஸ்கிலும் ஒரு நகல் வைக்கும் ஹைப்ரிட் ஸ்லீப் என்ற ஏற்பாடு உண்டு. தூங்கப் போக நேரம் எடுக்கிறது என்று அதையும் எடுத்துவிட்டேன்.

“இப்ப பட்டனை அழுத்துங்க.” அணைந்தது. “மறுபடி அழுத்துங்க.”

“மாஷா அல்லா. கண்ண மூடித் தொறக்கல, அதுக்குள்ள வந்துருச்சே சார்.”

அது அணையவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேங்காய்ப்பாலில் செய்த கணவாய் ஆணம், அதாவது குழம்பு, வந்தது. அதைச் சாப்பிடுவதில் கவனமாக இருந்தேன்.

2. மெயின் சுவிட்ச்

கிளம்பும்போது, “ராத்திரி மெயினை மட்டும் அணைக்காதீங்க” என்றேன்.

நூர்ஜகான் தயங்கினார். கடையை மூடும்போது மெயினை அணைப்பது அந்தத் தெருவின் பழக்கம். மீட்டர் பெட்டியிலும் ஒயரிலும் உப்பு படிந்திருக்கும். காற்று பலமாக அடித்தால் பொறி பறக்கும். கதவைப் பூட்டுவதும் மெயினை இறக்குவதும் அவர்களுக்கு ஒரே வேலை.

“இங்கன எல்லாரும் அணைப்போமே சார். ஏன் அணைக்கக் கூடாது?”

“வேகத்துக்கு” என்றேன். இயற்பியல் படித்தவனின் பதில்.

அவர் நம்பினார். தெருப் பழக்கத்தை எனக்காக விட்டார். ‘லாத்தா கடை கம்ப்யூட்டர் தொட்டா எந்திரிக்குது’ என்ற பேச்சு உச்சிப்புளி வரை போய், அங்கே ஒரு மருந்துக் கடைக்காரர் தனக்கும் அதே மாதிரி செய்துதரச் சொன்னார். செய்துகொடுத்தேன்.

ஒருநாள் நூர்ஜகான் போனில் சொன்னார்: “இப்பல்லாம் சேவ் பண்ற வேலையே இல்ல சார். பாதி டைப்பிங்ல பட்டன அழுத்திட்டுப் போயிருறேன். காலையில விட்ட எடத்துலயே நிக்கிது.”

அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

3. சாகுல் வந்த மறுநாள்

அடுத்து அவர் கூப்பிட்டபோது குரல் வேறாக இருந்தது. போனேன். வாசலில் சாகுல், முதல் நாள்தான் லீவில் ஊர் வந்தவர், பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட பையன்போல நின்றார். உள்ளே ஜெனிபர், ஒரு மீனவர் வீட்டுப் பெண், எம்.ஏ. மாணவி, கையெழுத்துத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பாம்பன் மீனவர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பற்றி அவள் எழுதிய ஆய்வேடு. கடைசி இரண்டு இயல்களும் பழைய டைப்பிங் சாஃப்ட்வேரில், தானாக சேவ் ஆகும் வசதி இல்லாததில், சேவ் பண்ணாமலே நின்றிருந்தன. இப்போது இல்லை. மறுநாள் கல்லூரியில் ஒப்படைக்காவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும்.

“நீங்களே கேளுங்க சார்” என்றார் நூர்ஜகான். “ரெண்டு வருசம் கழிச்சு வந்த மனுசன், வந்த அன்னைக்கே மெயினை எறக்கிப்புட்டாக.”

“காத்தடிச்சுச்சு, பொறி பறந்துச்சு, எறக்குனேன்” என்றார் சாகுல். “கம்ப்யூட்டருக்குக் கீழ இருந்த அந்த யூபிஎஸ் பேட்டரி வேற கீ கீன்னு கத்திக்கிட்டே கெடந்துச்சு. அதையும் அமத்துனேன்.”

“சார் படிச்சுப் படிச்சுச் சொன்னாக, மெயினைத் தொடக் கூடாதுன்னு.”

“எங்கிட்ட யாரு சொன்னா?”

“நீங்க கேட்டீகளா?”

சாகுல் என் பக்கம் திரும்பினார். “அமத்தி வச்ச கம்ப்யூட்டருக்குக் கரண்ட் எதுக்கு சார்?”

சரியான கேள்வி. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. நான் சொன்னது இது: “உப்புக்காத்து தம்பி. இங்கன சில மெஷின் அப்படித்தான்.”

கதவுக் கீல் முதல் மோட்டார் சைக்கிள் வரை அந்த ஊரில் எது கெட்டாலும் உப்புக்காற்றுதான் காரணம். யாரும் மறுக்கவில்லை. சாகுல் தலைகுனிந்தார். மனைவியிடம் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கட்டிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனது போனதுதான். என் லேப்டாப்பைத் திறந்து மறுபடி டைப் அடிக்க உட்கார்ந்தோம். நானும் நூர்ஜகானும் மாற்றி மாற்றி அடித்தோம். பரிகாரமாக வாசித்துச் சொல்லும் வேலையை சாகுல் ஏற்றார். “வாடை, கமா, கொண்டல், கமா, கச்சான், முற்றுப்புள்ளி” என்று பாங்கு சொல்வதைப்போல இழுத்து இழுத்து வாசித்ததில் ஜெனிபருக்கே சிரிப்பு வந்தது.

நடுவில் நிறுத்தி, “இதுல உப்புக்காத்தக் காணமே ஜெனிபர்?” என்றார்.

“அது காத்துப் பேரு இல்லண்ணே. நம்மாளுக சொல்ற சாக்கு.”

அந்த வரியில் மட்டும் எனக்கு நிறைய எழுத்துப் பிழை விழுந்தது.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன் முடித்தோம். மறுநாள் அவள் ஒப்படைத்துவிட்டாள்.

4. தம்மாமுக்கு ஒரு வீடியோ கால்

சாகுல் லீவு முடிந்து போன பிறகு ஒருநாள் எஸ்எஸ்டியோடு பாம்பன் போனேன். பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் அப்படியே அதில் குளோன் செய்து மாட்டினேன். பவர் பட்டனை ஷட்டவுனுக்கே திருப்பினேன். மெஷினை முழுதாக அணைத்து, மெயினையும் இறக்கி, ஏற்றி, ஆன் செய்தேன். நூர்ஜகான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் வந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததைச் சொன்னேன், உப்புக்காற்று உட்பட.

நூர்ஜகான் மவுஸைத் தள்ளி வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

“எங்கிட்டச் சொல்லி என்ன சார்? ஏச்சு வாங்குனது அவுக. அவுககிட்டச் சொல்லுங்க.”

வீடியோ காலில் சாகுல் முகம் வந்தது. எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

“சார், லீவு முழுக்க விடியக்காலம் மீன் வாங்க என்னையத்தான் வெரட்டுனா. மெயினை எறக்கத் தெரியுதுல்ல, மீனும் வாங்கிட்டு வாங்கன்னு.”

“மன்னிச்சுக்கங்க தம்பி.”

“மன்னிப்ப அல்லா பாத்துக்குவான். அடுத்த லீவுக்கு வாரேன், இன்ஷா அல்லா. அப்ப மீன் வாங்க நீங்க போங்க.”

உச்சிப்புளி மருந்துக் கடைக்கு அன்றே போனேன். அங்கே எதுவும் கெடுவதற்கு முன் சரி செய்துவிட்டேன்.

பிள்ளைகளே, கம்ப்யூட்டரை வேகமாக்குவது பெரிய வித்தையில்லை. ஸ்டார்ட்அப்பைக் குறையுங்கள், எஸ்எஸ்டி போடுங்கள். ஸ்லீப் வைத்தாலும் தப்பில்லை. எப்படி வேகமாக்கினீர்கள் என்பதை மட்டும் அதன் முன்னால் உட்காரப் போகிறவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வீட்டில் ராத்திரி எந்த சுவிட்சை அணைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

சாகுல் லீவில் வந்தார். சொன்ன சொல் தவறாமல் முதல் பஸ்ஸில் பாம்பன் போய், மினுமினுவென்று இருந்த ஒரு விளமீனை வாங்கிக்கொண்டு போனேன். நூர்ஜகான் செவுளைத் தூக்கினார். சிவப்பாக இருக்க வேண்டியது சாணி நிறத்தில் இருந்தது.

“மேல மினுக்குறதப் பாத்தே வாங்கிட்டீகளா சார்?”

உள்ளறையிலிருந்து சாகுல் முந்திக்கொண்டு சொன்னார்:

“சார ஒண்ணும் சொல்லாத. உப்புக்காத்துல சில மீனு அப்படித்தான்.”