மருதமுனையில் கடைசித் தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஓகஸ்ட் விடுமுறையில் மருதமுனைக்குப் போனேன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் என்னோடு படித்த நசீமாவின் மகள் ரிஹானாவுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். நாற்பது நாள் முடியுமுன் வந்து பார்க்கச் சொல்லி நசீமா எழுதியிருந்தாள். எனக்கும் மூன்று நாள் கரும்பலகை இல்லாத இடத்தில் இருக்க ஆசை.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ் காலை ஒன்பதே காலுக்கு. மருதமுனைக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு மைல், டிக்கெட் நாலு ரூபாய். இடது பக்க ஜன்னலில் இருங்கள். கல்லாற்றைத் தாண்டும்போது நல்ல காற்று வரும். பதினொரு மணிக்கு இறங்கினேன். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் பத்து நிமிட நடை. வழியெல்லாம் தறிச் சத்தம்.

ரிஹானாவைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. ஒரு வாரமாக வயிற்றுப்போக்காம், பாலும் குறைந்துவிட்டதாம்.

"பத்தியத்த முறிச்சிட்டா, சாந்தி. ஒளிச்சு ஒளிச்சு மாங்காய் திண்டிருக்கா" என்றாள் நசீமா.

"அல்லாவுக்காக, நான் ஒண்டும் தின்னல்ல உம்மா."

"தின்னாம வயித்தால போகுமா? பொய் வேற கதைக்கிறா."

அந்தப் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் வந்து அதிக காலமாகவில்லை. காலை ஆறு முதல் எட்டரை, மாலை நாலு முதல் ஆறு. விசை போதாததால் வீட்டுக்கு வீடு முற்றத்தில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் குழாயை இறக்கி வைத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் நின்ற பிறகும் நசீமா குழிக்குள் குந்தியிருந்து, நூலாக வடிந்ததைச் செம்பில் பிடித்தாள். முதலில் வருவது துருவோடு பாய்ந்து வரும், கடைசியில் மெல்ல வருவதுதான் தெளிந்த தண்ணீர் என்று அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் நம்பினார்கள். அது பிள்ளை பெற்றவளுக்கு மட்டும்.

எனக்கும் மரியாதைக்கு ஒரு கிளாஸ் வந்தது. நாக்கில் குளிக்கும் சவர்க்காரம் போல வழுக்கியது. வந்த வீட்டில் தண்ணீரைக் குறை சொல்வதா என்று குடித்து முடித்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, தெருவில் நான்கு வீடு மேட்டுப் பக்கம் இருந்த சாலிஹ் காக்காவின் வளவில், தறிக்காரர்கள் தரும் நூலுக்குச் சாயம் போடுவதைப் பார்க்கப் போனேன். அவர் நசீமாவின் மூத்த சகோதரர். நெஞ்சளவு உயரச் சீமெந்துத் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் நூல் ஊறிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து வந்த ரப்பர் ஹோஸின் வாய், ஒரு செங்கல்லில் கட்டி, தொட்டியின் அடியில் போடப்பட்டிருந்தது. மேலிருந்து ஊற்றினால் பக்கத்துக் கொடியில் காயும் சாய நூலில் சோடாத் துளி பட்டுப் புள்ளி விழுமாம். தண்ணீர் நிற்கும்போது குழாயைப் பூட்டுவதில்லை; திரும்ப வரும்போது தானாக நிரம்பட்டும் என்று விட்டுவிடுவாராம்.

அப்போதுதான் நேற்றைய வழுக்கல் எனக்கு விளங்கியது.

"காக்கா, லைனில தண்ணி நிண்டா இந்தத் தொட்டித் தண்ணி ஹோஸ் வழியாத் திரும்பி, கீழ குழிக் குழாய்களுக்குப் போகும்."

அவர் சிரித்தார். "டீச்சர், இது என்ட தொட்டி. வந்த தண்ணி கோவிச்சுக்கிட்டுத் தாய் வீட்டுக்குப் போற பொஞ்சாதியா?"

"எட்டரை வரைக்கும் நிண்டு பாருங்க."

நின்றோம். எட்டரைக்கு ஹோஸின் முனகல் அடங்கியது. தொட்டியில் மிதந்த ஓர் அறுந்த இழை அசையாமல் கிடந்தது. பிறகு மெல்லத் திரும்பி, அடியை நோக்கி இறங்கி, ஹோஸின் வாய்க்குள் போனது. காக்கா கையை விட்டு, உள்ளங்கையை அந்த வாயில் வைத்தார்.

"யா அல்லாஹ், இழுக்குதே!"

குழாயை முறுக்கிப் பூட்டிவிட்டு, பனியனோடு ஓடினார். நசீமா குழிக்குள் செம்போடு இருந்தாள். அவர் அதைப் பறித்து மணலில் கொட்டினார். "இதக் குடுக்காத புள்ள. இது என்ட சோடாத் தண்ணி. அவ மாங்காயும் திங்கல்ல, ஒண்டும் திங்கல்ல."

நசீமா குழியிலிருந்து ஏறவில்லை. அங்கிருந்தே, "காக்கா, ஹோஸை வெளிய எடுத்துட்டுப் பேசாம இருங்க. தெருவுக்குத் தெரிஞ்சா ஒங்களுக்கு ஆரு நூல் தருவாங்க?" என்றாள்.

"கீழ இன்னும் ஆறு வீடு இருக்கே" என்றார் அவர். வீட்டுக்குப் போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன். முதல் இரண்டு வீட்டார் கேட்டதும் குடத்தைக் கவிழ்த்தார்கள். மூன்றாவது வீட்டுப் பெண் கத்தினாள்: "அப்ப என்ட மகன் ரெண்டு கிழமையா வயித்தால போறது ஒங்களாலயா?"

"ஓம் தங்கச்சி. என்ட தொட்டியாலதான்."

கதவு அவர் முகத்தில் அடித்துச் சாத்தப்பட்டது. காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நாலாவது வீட்டுக்கு நடந்தார்.

அன்றே ஹோஸின் வாயைத் தொட்டி விளிம்புக்கு ஒரு சாண் மேலே கயிற்றால் கட்டி, துளி தெறிக்காமல் சாக்கு மறைப்பும் போட்டார். ரிஹானாவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த கிணற்றுத் தண்ணீர், கொதிக்க வைத்து. மூன்றாம் நாள் நான் புறப்படும்போது அவள் எழுந்திருந்து சோறு கேட்டாள். நசீமா மகளிடம் மன்னிப்புக் கேட்டதை நான் பார்க்கவில்லை. தலை சீவிவிட்டதைப் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ்ஸுக்குப் பகல் இரண்டு மணிக்குப் பெருந்தெருவில் நில்லுங்கள், பிந்தினால் நின்றுகொண்டுதான் வர வேண்டும். உடுக்கச் சாரம் வாங்குவதானால் தறி வீட்டிலேயே வாங்குங்கள். தங்கும் வீட்டில் குழாய் இருந்தால், கடைசியில் வடியும் தண்ணீரை மணலில் கொட்டச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தாலும் சோடா போகாது. ஹோஸின் வாய் எந்தத் தொட்டிக்குள், எந்த வாளிக்குள் மூழ்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். தண்ணீரில் ஏதாவது தட்டுப்பட்டால் முதல் மிடறிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் காக்கா அந்த நாலாவது கதவைத் தட்டியதைவிட அது பெரிய கூச்சம் இல்லை.