கண் கழுவும் குழாயடியில் ஒருவர்

இது கதை இல்லை, நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எங்கள் வீட்டில் நடந்துவிட்டதால் நான் நம்பித்தான் ஆக வேண்டும்.

என்னிடம் சொன்னது என் அண்ணி. நாத்தனார் வாயிலிருந்து வருகிறதே, கண் காது மூக்கு வைத்துத்தான் சொல்வாள் என்று நினைப்பீர்கள். நியாயம்தான், எனக்கு அந்தப் பேர் உண்டு. ஆனால் அண்ணி அப்படி இல்லை. முறைக்குத்தான் அண்ணி, என்னைவிட இரண்டு வயது சின்னவள். வயதைக் கேட்டால் ஒரு வருடம்கூடக் குறைக்காமல் சொல்கிற பெண் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இதை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காது சிவக்கவே இல்லை.

இன்னொன்று. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் மூன்றேகால் மணி.

அண்ணனும் அண்ணியும் ஒரு பெரிய லாண்ட்ரியில் வேலை பார்த்தார்கள். ஆஸ்பத்திரி விரிப்பு, ஹோட்டல் துண்டு என்று ஊர் அழுக்கெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். எந்நேரமும் தண்ணீர் ஓடுகிற இடம். தரையில் தண்ணீர், சுவரில் தண்ணீர், காற்றிலும் பாதி தண்ணீர்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

அண்ணிக்குத் துணி மடிக்கிற மேசையில் வேலை. வேலையாட்களின் சீருடையையும் அங்கேயேதான் துவைப்பார்கள். மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு சட்டையின் காலருக்குப் பின்புறமும் அந்த ஆளுடைய நம்பரை நூலால் தைத்திருப்பார்கள். மடிக்கிற பெண்களுக்கு ஆட்களைவிட நம்பர்தான் பழக்கம். அண்ணன் நம்பர் 114. அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அண்ணி அவன் காலரைப் பார்த்துவிட்டாள். சட்டைப் பையில் மிட்டாய் வைத்துச் சலவைக்குப் போடுவானாம். அதை எடுத்துத் தின்று தின்றுதான் எனக்கு அண்ணியானாள். "முகத்தைப் பார்த்துக் கட்டினியா, காலரைப் பார்த்துக் கட்டினியா?" என்று நாங்கள் கேலி செய்வோம். எதிரே யார் முதுகைக் காட்டி நின்றாலும் அவள் கண் முதலில் காலருக்குத்தான் போகும்.

அண்ணனுக்கு டிரம் அறையில் வேலை. நீல டிரம்களில் அழுக்கு நீக்குகிற கார மருந்து இருக்கும். சின்னச் சின்ன ரப்பர் குழாய்கள் வழியாக அது மெஷின்களுக்குப் போகும். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் தெரியும். கையில் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். அது சோப்பு இல்லை, நம் தோலே கரைந்துதான் வழுக்குகிறது என்று அண்ணன் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். எல்லாம் தெரிந்தவன்தான். ஆனால் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் அவன் நெற்றியில்தான் இருக்கும். நெற்றிக்கு என்ன ஆபத்து வரப்போகிறதோ!

டிரம் அறைக்கு வெளியே மூலையில் கண் கழுவும் குழாய் ஒன்று உண்டு. இடுப்பு உயரத்தில் ஒரு கிண்ணம், அதில் மேல்நோக்கிய இரண்டு வாய்கள். பிடியை அழுத்தினால் இரண்டு கண்ணுக்கும் தண்ணீர் பீச்ச வேண்டும். வேலைக்குச் சேர்கிற எல்லோருக்கும் பாதுகாப்பு அதிகாரி அதைக் காட்டிப் பாடம் எடுப்பார். மருந்து கண்ணில் பட்டால் இங்கேதான் வர வேண்டும், இருபது நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், கழுவுகிறவரை யாரும் நடுவில் பிடித்து இழுக்கக் கூடாது. அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவர் மூன்று தடவை சொல்வாராம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பாதிப் பேர் விடுப்பு. மெஷின்காரர் ஒரு மெஷினில் விரிப்புகளைப் போட்டு மூடினார். ஓட்டம் தொடங்குகிற மணி அடித்தது. அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்றேகால். மெஷின்காரர் டீ குடிக்க வெளியே போனார். அண்ணி காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு டிரம் அறைப் பக்கம் போனாள்.

ஒரு ரப்பர் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் அதன் முனையைக் கையால் கழற்றிக்கொண்டிருந்தான்.

"டப்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "எரியுது... ஐயோ எரியுது..."

அண்ணி பதறவில்லை. அதுதான் அவள் செய்த பாவம் என்று இன்றுவரை சொல்கிறாள். பதறியிருந்தால் கையில் கிடைத்த தண்ணீரை அள்ளி ஊற்றியிருப்பாளாம். டிரம் அறை வாசலிலேயே ஒரு வாளி நிறைய நல்ல தண்ணீர் இருந்தது. அதைத் தாண்டித்தான் அவனை இழுத்துக்கொண்டு போனாள். சொல்லிக்கொடுத்த இடத்துக்கே போனாள்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

குழாயில் முகத்தைக் கவிழ்த்துக் குனிந்து நின்றார். இரண்டு கை விரல்களாலும் இமைகளை அகலப் பிடித்திருந்தார். சளசளவென்று தண்ணீர்ச் சத்தம். இவருக்கும் தெறித்துவிட்டது போல, பாவம் என்று அண்ணி நினைத்தாள். பழக்கதோஷம், கண் காலருக்குப் போனது.

114.

யாரோ சட்டையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், நாளைக்கு மேசையில் இதற்கு ஒரு சண்டை இருக்கிறது என்று ஒரு நினைப்பு ஓடியதாம். அந்த நேரத்திலும்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க. இவருக்கும் பட்டுடுச்சு."

அவர் நகரவில்லை.

"அண்ணே..."

முகத்தை எடுக்காமலே சொன்னார்.

"இன்னும் நேரமாகல."

இருபது நிமிடம், நடுவில் யாரும் இழுக்கக் கூடாது. அண்ணி கையை நீட்டி, மடக்கிக்கொண்டாள். அவரும் யாரோ ஒருத்தியின் புருஷன்தானே. இதோ முடித்துவிடுவார் என்று நின்றாள். அவளைக் கேட்டால் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்பாள்.

அண்ணன் முனகுவது மெல்லக் குறைந்தது.

"இப்ப எரிச்சல் இல்ல," என்றான்.

அவன் கையை விலக்கிக் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் துளிகூடச் சிவக்கவில்லை, வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"ஒண்ணும் இல்லங்க, சிவக்கவே இல்ல."

அப்போதுதான் கீழே பார்த்தாள்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. அந்த ஆளின் காலடியில் தூசி.

தூசியில் கால் பட்ட தடம்கூட இல்லை...

மணி அடித்தது. மெஷின் ஓட்டம் முடிகிற மணி. அது அடிக்க இருபது நிமிடம் ஆகும்.

பின்னாலிருந்து மெஷின்காரர் ஓடி வந்தார்.

"என்ன தங்கச்சி நிக்கிறே? அவன் முகமெல்லாம் வெந்து கிடக்குது, சும்மா நிக்கிறியே!"

"இவரு கழுவி முடிக்கட்டும்னு..."

"எவரு?"

அண்ணி திரும்பினாள்.

யாரும் இல்லை.

மெஷின்காரர் பிடியை அழுத்தினார். குழாயிலிருந்து "உஸ்ஸ்..." என்று காற்று வந்தது. பிறகு ஒரு சொட்டுத் துருத்தண்ணீர். பிறகு அதுவும் இல்லை.

வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். கழிவறைக் குழாயில் தலையைப் பிடித்துக் கழுவினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணோரம் ஒரு சின்னக் காகிதத் துண்டை வைத்து எடுத்தார். அது கருநீலமாக மாறியது. கண்ணுக்குள் காரம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது, அப்போதும் கழுவிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அண்ணிக்கு மட்டும் நம்பிக்கை போகவில்லை. கண் சிவக்கவே இல்லை, எரிச்சலும் நின்றுவிட்டது என்று டாக்டரிடம் ஆசையாகச் சொன்னாள். அவர், சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம் என்றார். வெள்ளையாகிவிட்டால் ரத்தக்குழாய்களே வெந்து அடைத்துவிட்டனவாம். எரிச்சல் நின்றதும் அப்படித்தான், வலியைச் சொல்லும் நரம்பும் செத்துவிட்டது.

அண்ணி வேறொன்றும் கேட்கவில்லை. எந்தத் தண்ணீராவது முதல் நிமிடத்திலேயே விட்டிருந்தால் என்று மட்டும் கேட்டாள். வாளித் தண்ணீரே போதும், பார்வை பெரும்பாலும் தப்பித்திருக்கும் என்றார். ஏன்தான் கேட்டாளோ என்றிருந்தது எனக்கு. ஊர் அழுக்கெல்லாம் வெளுக்கிற இடத்தில், சுற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, என் அண்ணன் முறைக்குக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

கண்ணின் கருவிழி பனி படிந்த ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. வேறு கண் வைத்துத் தைத்தாலும் ஒட்டாதாம், ஒட்டுகிற இடமே வெந்துவிட்டது. வெளிச்சம் வந்தால் வந்தது தெரியும், அவ்வளவுதான். முப்பத்தாறு வயது அவனுக்கு.

அந்த ஆளைப் பற்றி அவனிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் யாரையும் பார்க்கவில்லை, அண்ணியைத் தவிர யார் பேசியும் கேட்கவில்லை என்றான். "ஆனா தண்ணி சத்தம் கேட்டுச்சு. அதனாலதான் நானும் பேசாம நின்னேன்."

மெஷின்காரர் வீட்டுக்குப் பார்க்க வந்தார். அண்ணன் காதில் விழாமல், வாசலில் வைத்து அண்ணி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சட்டை நீலமா?"

அண்ணி யோசித்தாள். ஆமாம், நீலம். ஆனால் அங்கே எல்லோருக்கும் சாம்பல் நிறச் சட்டைதான். அது ஏன் அப்போது தோன்றவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை.

சீருடை முன்பு நீலமாக இருந்ததாம், அண்ணனும் அண்ணியும் சேர்வதற்கு முன்பு. அப்போது டிரம் அறையில் வேறொரு ஆள். அவருக்கும் இதே மாதிரி கண்ணில் பட்டது. அவர் ஓடிப்போய்க் குழாயில் முகத்தை வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்துவிட்டது, போதும் வா என்று சூப்பர்வைசர் ஒரு நிமிடத்துக்குள் பிடித்து இழுத்தார். "விடுங்க, இன்னும் நேரமாகல" என்று கத்தக் கத்த இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு கண்ணும் போய்விட்டது. ஒரு வருடத்தில் ஆளும் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் யாரும் இழுக்கக் கூடாது என்ற பாடம் வந்தது. குழாய் ஒழுகி வெளுத்த விரிப்பெல்லாம் துருக்கறை ஆகிறது என்று பிறகு யாரோ வால்வை மூடிவிட்டார்கள். பாடம் மட்டும் தொடர்ந்து நடந்தது.

அவர் நம்பர் என்ன என்று அண்ணி கேட்கவில்லை. மெஷின்காரரே சொன்னார். ஒரு ஆள் போனால் அடுத்து அந்த வேலைக்கு வருகிறவருக்கு அதே நம்பரைக் கொடுப்பது அங்கே வழக்கம்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

போன மாதம் அண்ணனின் சீருடைகளைத் திருப்பித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அண்ணி அவற்றைத் துவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அண்ணனுக்குத் துணையாக நான் வீட்டில் இருந்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

திடீரென்று பார்த்தேன். அவன் முகமெல்லாம் ஈரம். வேர்வை என்று நினைத்துத் துண்டால் துடைத்தேன். சில்லென்று இருந்தது. சட்டைக் காலர் சொதசொதவென்று நனைந்திருந்தது. துருவாடை அடித்தது.

அவன் விழித்துக்கொண்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"ஏன் இழுத்தே? இன்னும் நேரமாகல."

அந்த வார்த்தையை அவனிடம் நாங்கள் யாரும் சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை ஆகியிருந்தது.

அண்ணி திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். டிரம் அறைக்குப் புது ஆள் வந்திருக்கிறானாம். கண்ணாடி நெற்றியில்தான் இருந்ததாம். கண்ணில் பட்டால் எங்கேயும் ஓடாதே, கிடைத்த தண்ணீரை ஊற்று, நல்ல தண்ணீர் எதுவானாலும் சரி என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்திருக்கிறான்.

"அதான் அங்க குழாய் இருக்கே அக்கா," என்றானாம். "ஆனா எப்ப பார்த்தாலும் ரெண்டு பேர் குனிஞ்சு கழுவிக்கிட்டே நிக்கிறாங்க. ஒருத்தர் நீலச் சட்டை, ஒருத்தர் சாம்பல். இப்பகூட நின்னாங்க. ரெண்டு பேர் காலர்லயும் என் நம்பரைத் தைச்சு வெச்சிருக்காங்க. சட்டை மாறிப்போச்சுன்னு மேசையில கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க அக்கா."