ஊசிக்குருவி வரவில்லை என்றார் அத்தான்

என் அக்கா புருஷனுக்குப் பாம்புக்காது. லிப்ட் பழுது பார்ப்பது தொழில். பெட்டி மேலே ஏறும்போது கீழ்த்தளத்தில் கண்ணை மூடி நின்றே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சமையலறையில் அக்காவும் நானும் அவரைப் பற்றிக் கிசுகிசுத்தால், "அவ்வளவு மோசமா நான்?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். இந்த மனுஷனோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்று நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொல்ல முடியாதே.

வசந்தம் வந்துவிட்டால் அத்தானுக்கு வீட்டில் கால் தங்காது. வடக்கே போகிற சின்னப் பறவைகள் கடலுக்கு மேலே இரவெல்லாம் பறந்து, களைத்து, கரையில் முதலில் தென்படும் புதரில் வந்து விழும். விடிந்ததும் அவர் கடலோரப் பாதையில் சைக்கிளில் போய்ப் புதருக்குப் புதர் நிற்பார். கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். குரல் கேட்ட பிறகுதான் பைனாகுலரையே எடுப்பார். சத்தம் வரக்கூடாது என்று சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, மட்காட்டை இறுக்கி, மணியையும் கழற்றி வைத்துவிடுவார். எதிரே நடந்து வருகிறவர்கள் திட்டுவதைப் பொருட்படுத்துவதில்லை.

கூடப் போய்க்கொண்டிருந்த அக்காவுக்கு இந்த வருஷம் முழங்கால் மக்கர் பண்ணியது. "அவருக்கு வயசாயிடுச்சு, தனியா விட மனசு வரல, நீ போடி" என்று என்னைத் தள்ளிவிட்டாள். அத்தான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வாயைத் திறக்கக்கூடாது. என்னிடம் போய் இப்படி ஒரு நிபந்தனை!

கடற்கரைப் பூங்காவைத் தாண்டும்போது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் எங்களைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கொண்டார். இருவரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், மேலிடத்து உத்தரவின்படி தோட்டக்காரர் பூங்காவின் வேலிப் புதரை ஒட்ட வெட்டினார். அந்த வசந்தத்தில் ஊசிக்குருவியின் குரல் கேட்கவில்லை. கட்டைவிரல் அளவுதான் அந்தக் குருவி. ஊசி முனைபோல மெல்லிய குரல் என்பதால் அத்தானே வைத்த பெயர் அது. அடுத்த வருஷமும் குரல் இல்லை. "நீ வெட்டினதாலதான்டா அது அத்துப் போச்சு" என்று நடுப்பாதையில் கத்தியிருக்கிறார். அதோடு பேச்சு நின்றது.

அந்தப் புதர் முன்னால் அத்தான் இடது கையைத் தூக்கினார். இருவரும் சைக்கிளை நிறுத்தினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். காற்றுகூட இல்லை.

ஸீ... ஸீ... ஸீ...

எனக்கு நன்றாகக் கேட்டது. சாப்பாட்டு மேசையில் அவரே எத்தனையோ முறை செய்து காட்டி எங்கள் உயிரை வாங்கிய அதே குரல். சந்தோஷத்தோடு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த வருஷமும் வரல, பாத்தியா?"

அவருக்கு அலை கேட்கிறது, என் பிரேக் கிறீச்சிடுவது கேட்கிறது, லிப்ட் உறுமுவது கேட்கிறது. இந்த மெல்லிய குரல் மட்டும் அவர் காதைவிட்டுப் போய்விட்டது. அது அவருக்கே தெரியவில்லை.

சைக்கிளை மிதித்தேனே தவிர மனசு ஓடவில்லை. சொன்னால், அவர் உயிராய் நினைக்கிற காதைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். சொல்லாவிட்டால், பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று, செய்யாத குற்றத்தை அந்தத் தோட்டக்காரர் சாகும்வரை சுமக்க வேண்டும். இருதலைக்கொள்ளி எறும்பானேன். கடைசியில் காலை ஊன்றி நின்றேன்.

"அத்தான், குருவி வந்திருக்கு. நாம நின்ன புதர்லயே கத்துச்சு. உங்களுக்குத்தான் கேக்கல."

"வாயைத் திறக்காம வான்னு சொன்னேன்ல?" என்று சீறினார். ஆனால் சைக்கிளைத் திருப்பினார்.

குரல் வரும் திசையில் கையை நீட்டினேன். அவர் பைனாகுலரைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"வாயைத் திறக்குது. தொண்டை துடிக்குது." பைனாகுலரை இறக்கி, "எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா" என்றார்.

அவர் என்னை அம்மா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார் என்று பயந்தேன். அவரோ சைக்கிளைப் புதரோரம் சாய்த்துவிட்டு நேரே தோட்டக்காரரிடம் போய் அவரைக் கையோடு கூட்டிவந்தார்.

"அது போகலடா. என் காதுதான் போயிருக்கு. உன்னைப் போய் என்னென்னவோ பேசிட்டேன்."

தோட்டக்காரர் புதரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவா? இது தினம் காலையில கத்துதே. ஊசிக்குருவி அத்துப் போச்சுன்னு நீ சொன்னியா, அப்ப இது வேற ஏதோ குருவின்னு நினைச்சுட்டேன். நான்தான் கொன்னுட்டேன்னு அதுக்கப்புறம் இந்தப் புதர்ல கத்திரியே வைக்கல."

அத்தான் நண்பரின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இப்போ கத்துதா?" என்று கேட்டார்.

தோட்டக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். குரல் வந்ததும் ஒரு விரலைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். அத்தான் புதரைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தோட்டக்காரரின் விரல் ஒரு குரலைக்கூடத் தவறவிடவில்லை.